பார்த்து எழுதுவதா, மூடிவைத்து எழுதுவதா?

பிடித்த எழுத்தாளரைப் பின்பற்றிப் பழக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவர் பக்கங்களை அப்படியே பிரதி எடுப்பது. அமெரிக்க எழுத்தாளர் ஹன்டர் தாம்சன் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் பக்கங்களைத் தட்டச்சு செய்து பார்த்தது இதற்காகத்தான். வாக்கியத்தின் தாளம் விரலில் ஏறும். மனம் சோர்ந்த நாளிலும் செய்யலாம்.

இன்னொன்று, அமெரிக்க நாட்டை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் வழி. பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்த சிறுவன் அவர். லண்டனின் 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுதி ஒன்று கையில் கிடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் தன் சொற்களில் கட்டுரையை எழுதினார். அப்புறம் ஒப்பிட்டுத் தவறுகளைத் திருத்தினார். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் கதைகளைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மீண்டும் உரைநடையாக்கினார். எல்லாம் அச்சக வேலைக்கு முன்னும் பின்னும், ஞாயிறுகளிலும்தான். சில சிறு இடங்களில் மூலத்தைவிடத் தான் நன்றாக எழுதிவிட்டதாகத் தோன்றியதாம். தானும் ஓரளவு நல்ல எழுத்தாளனாகலாம் என்ற ஊக்கம் அதில்தான் கிடைத்தது என்று தன்வரலாற்றில் சொல்கிறார்.

எனக்கு இந்த இரண்டாம் வழிதான் பெரிதாகப் படுகிறது. பிரதி எடுக்கும்போது நம்முடைய வாக்கியம் ஒன்றுகூடப் பிறப்பதில்லையே! முதல் வாரம் பிரதி எடுங்கள், சரி. பிறகு ஒரே ஒரு பத்தியைக் குறிப்பெடுத்து, மூன்று நாள் கழித்து எழுதிப் பாருங்கள்.