நாகூர் தர்கா: கந்தூரி நேரத்தில் போய் வந்தேன்

நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், தெருவுக்குள் திரும்பும் முன்பே மினாராக்கள் தெரிந்துவிடும். மொத்தம் ஐந்து, அதில் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். உள்ளே போனால், ஒரு இந்து மன்னர் கட்டிக்கொடுத்ததில் ஆச்சரியமே தோன்றாது, ஏனென்றால் இங்கே அடங்கியிருக்கும் சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டகையின் சன்னிதியில் என் பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு இருந்தார்கள், பிள்ளைக்கு முடி இறக்க வந்த குடும்பமும் ஒன்று இருந்தது, குளத்தங்கரையில் மொட்டை போட்டுவிட்டு ஈரத்தலையோடு அப்படியே உள்ளே வந்தார்கள்.

ஆண்டகையின் நினைவாக வருடந்தோறும் வரும் கந்தூரி விழா 14 நாள் நடக்கும். மினாராக்களில் கொடி ஏறுவதில் தொடங்கும். சந்தனம் சுமந்து வரும் அலங்காரக் கூடான சந்தனக்கூடு இரவில் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வந்து, விடியற்காலையில் ரவ்லாவில், அதாவது ஆண்டகையின் அடக்கத்தலத்தில், சந்தனம் பூசும் வரை யாரும் தூங்குவதில்லை. எனக்குக் கால் வலித்தது, ஆனாலும் கூடு வந்து சேர்ந்த அந்த நிமிடத்தில் கண் கலங்கிவிட்டது.

குறை என்றால் தங்குமிடம்தான். ஒரு விடுதியில் முன்பணம் வாங்கிவிட்டு அறை இல்லை என்றார்கள். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் கந்தூரியைத் தவிர்த்துச் சாதாரண நாளில் வாருங்கள், நிம்மதியாக உட்கார்ந்து துஆ கேட்கலாம். கந்தூரிக்கே வரவேண்டும் என்றால் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறைக் கணக்கு என்பதால் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும்.