தொல்லை பார்ட்டியை விடுவது: கடிதமா, ஃபீஸ் ஏற்றமா, நழுவலா?

மாத ஜிஎஸ்டி ரிட்டனுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி ராத்திரி பில் கட்டை வாட்ஸ்அப்பில் கொட்டிவிட்டு, "இன்னைக்கே போட்டிருங்க அண்ணாச்சி" என்கிற பார்ட்டி (கணக்கு கொடுக்கும் வாடிக்கையாளர்), நாகர்கோவிலில் கணக்கு எழுதும் எல்லா ஆபீசிலும் ஒன்றிரண்டு உண்டு. ஃபீஸ் பாக்கி வருடக்கணக்கில் நிற்கும். லேட் ஃபீ விழுந்தால் மட்டும் "நீங்கதானே பாக்கணும்" என்று வந்து நிற்பார். இப்படிப்பட்டவரை விட்டு விலக நடைமுறையில் மூன்று வழிகள்: போனை எடுக்காமல் மெல்ல நழுவுவது, ஃபீஸை ஏற்றி அவராகவே போகும்படி செய்வது, தேதி போட்டுக் கடிதம் கொடுத்து விலகுவது. நான் கடிதம் பக்கம்.

நழுவல்தான் அதிகம் நடக்கிறது, அதுதான் மோசமும். மாதம் ஒன்றுக்கு 3பி (வரி கட்டும் ஜிஎஸ்டி ரிட்டன்) தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டனுக்கு 20 ரூபாய். அதையாவது கட்டிவிடலாம். தொடர்ந்து இரண்டு மாத 3பி நின்றுவிட்டால் சரக்கு அனுப்பத் தேவையான மின்னணுச் சீட்டான இ-வே பில் முடங்கும். களியக்காவிளை தாண்டி கேரளாவுக்கு ரப்பர் ஷீட் அனுப்புகிற மார்த்தாண்டம் வியாபாரிக்கு லோடு ஏற்றிய பிறகுதான் விஷயம் தெரியவரும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகராது. வாங்குகிறவருக்கும் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் ஏறாது. "நான் அப்பவே விட்டுட்டேன்" என்று சொல்ல உங்கள் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. போதாததற்கு இது சின்ன மாவட்டம். அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் எதிர் இலையில் உட்கார்ந்திருப்பார்.

ஃபீஸ் ஏற்றம் ஓரளவு வேலை செய்யும். ரூபாய் பார்க்கிற சின்ன பார்ட்டி வேறு ஆபீஸ் தேடிப் போய்விடுவார், மனக்கசப்பும் இருக்காது. சிக்கல், தொல்லை கொடுப்பவர் பெரும்பாலும் ரூபாய் பார்க்கிறவர் அல்ல என்பதுதான். 1,500 ரூபாயை 4,000 ஆக்கினால் "சரி, போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த 4,000-ஐயும் தரமாட்டார். பாக்கி வேகமாக ஏறும், பழைய தொல்லை அப்படியே இருக்கும். பல பங்குதாரர்கள் சேர்ந்து முடிவெடுக்கிற பெரிய நிறுவனங்களில் இது வேறு மாதிரி போகலாம். எனக்குப் பழக்கம் கடை, முந்திரி ஷெட், சின்ன ஃபேக்டரி அளவுக்குத்தான்.

கடிதத்துக்கு வருவோம். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியோடு விலகுகிறோம், எந்த மாதம் வரை எந்தெந்த ரிட்டன் போட்டாயிற்று, எது பாக்கி, அதன் கடைசித் தேதி என்ன, ஃபீஸ் பாக்கி எவ்வளவு. காரணம் எழுத வேண்டாம். "தொடர்ந்து செய்ய இயலவில்லை" என்பதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு நீளும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப், மெயிலில் ஒன்று, ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று. கம்பெனியின் சட்டப்படியான ஆடிட்டராக இருக்கும் சி.ஏ.வுக்கு இது மட்டும் போதாது. ராஜினாமா செய்த 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் ஏடிடி-3 படிவம் தாக்கல் செய்தாக வேண்டும்.

விலகும் மாதத்தையும் பார்த்து வைக்க வேண்டும். ஜூலையில் வருமான வரி ரிட்டன், செப்டம்பர் அக்டோபரில் ஆடிட், டிசம்பரில் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-9. இந்த மாதங்களில் விட்டால் புதிதாக எடுப்பவர் திணறுவார், பழி உங்கள் மேல் விழும். எனக்குத் தோதாகப் படுவது ஜனவரி முடிவும் பிப்ரவரியும். காலாண்டு பார்ட்டிக்கு ஜனவரி 22-ல் 3பி முடியும், 31-ல் டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) ரிட்டன் முடியும். ஜனவரி முதல் வாரம் கடிதம் கொடுத்தால் 31-ஆம் தேதியோடு கை கழுவலாம். மாத பார்ட்டி என்றால் பிப்ரவரி 20-ல் 3பி போட்டுவிட்டு, 21-ல் விடுவது நல்லது. புதியவருக்கு அடுத்த 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 வரை மூச்சுவிட நேரம் இருக்கும்.

ஆனால் இதெல்லாம் சரியாகச் செய்தும் விலக முடியாமல் மாட்டிக்கொள்வது ஓடிபியில்தான். ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்த அன்றைக்கு அவசரத்தில் ஆபீஸ் நம்பரையும், நாமே உருவாக்கிய ஜிமெயிலையும் கொடுத்திருப்போம். அந்த நம்பர் மாறாதவரை கடிதம் கொடுத்தும் பயனில்லை. புது ஆடிட்டர் 20ஆம் தேதி ராத்திரி ஓடிபி கேட்டுக் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் "அவரு வேணும்னே தடுக்காரு" என்ற பேச்சு கோட்டாறு மார்க்கெட் வரை போகும்.

அதனால் முதலில் நம்பர் மாற்றம், பிறகுதான் கடிதம். கோபத்தில் இருக்கிற பார்ட்டி போனோடு வந்து உங்கள் எதிரில் உட்காரமாட்டார். சாதாரண நாளில் கூப்பிட்டு, ஜிஎஸ்டி போர்ட்டலில் நான்-கோர் (அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத) திருத்தத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் மொபைலையும் மெயிலையும் அவருடையதாக மாற்றுங்கள். நீங்கள் அவருடைய ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் போர்ட்டலில் சேர்ந்திருந்தால் அவர் லாகினில் டிஸ்எங்கேஜ் (விடுவிப்பு) செய்யச் சொல்லுங்கள். இ-வே பில்லுக்குத் தனி லாகின். அதையும் திறந்து பார்க்க வேண்டும். வருமான வரி போர்ட்டலின் ப்ரொஃபைல், டிடிஎஸ் போர்ட்டலான ட்ரேசஸ், சிறுதொழில் பதிவான உத்யம் ஆகியவற்றையும் பாருங்கள். தேன், முந்திரி பார்ட்டி என்றால் உணவு உரிமத்துக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ லாகினும் உண்டு. ஜிமெயிலில் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்தால் போதாது, ரெக்கவரி நம்பரையும் மாற்ற வேண்டும்; பலர் விடுவது இதைத்தான்.

பிறகு மேசை டிராயரைத் திறங்கள். பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டிய டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன், கையெழுத்து மட்டும் போட்ட வெறும் லெட்டர்ஹெட், ஒன்றிரண்டு செக். அத்தனையும் இன்னொருவர் கையெழுத்து. உங்களிடம் இருக்கவே கூடாது. கணக்கு மென்பொருளான டேலியின் பேக்கப்பை அட்மின் பாஸ்வேர்டோடு பென்டிரைவில் கொடுங்கள். கொடுத்த ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கி வரும்வரை பாஸ்வேர்டைப் பிடித்து வைக்கலாமே என்று தோன்றும். பிடி நிற்காது. பார்ட்டி தன் சரக கமர்ஷியல் டாக்ஸ் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து லாகினைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அங்கே புகாராகப் பதிவாவது உங்கள் பெயர். ஃபீஸை பில் போட்டுத் தனியாகக் கேளுங்கள். வழக்குப் போட மூன்று வருடக் கெடு இருக்கிறது. சின்னத் தொகை என்றால் விட்டுவிடுவதே லாபம் என்பேன்.

கடிதத்தில் இன்னும் ஒரு வரி வேண்டும். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டன் கெடுவிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது பார்ட்டியின் கடமை. நோட்டீஸும் பழைய வருடத்துக்குத்தான் வரும், நீங்கள் போட்ட ரிட்டனுக்கே வரலாம். "இந்தத் தேதி வரை நாங்கள் தாக்கல் செய்தவற்றுக்கு விளக்கம் தருவோம், பதில் தயாரிப்பதும் வரி ஆபீசுக்கு வருவதும் தனி ஃபீஸ், முன்பணமாக" என்று எழுதிவிடுங்கள். புது ஆடிட்டர் போன் செய்து "ஏன் அண்ணாச்சி விட்டீங்க?" என்று கேட்டால் பாக்கி ரிட்டன் பட்டியலை மட்டும் அனுப்புங்கள். மீதி அவருக்கு அடுத்த 20ஆம் தேதி தெரிந்துவிடும்.