இங்கிலீஷ் கிளாஸ்ல எந்தக் கதை: கிரேக்கப் புராணமா, ராமாயணமா, அப்பத்தா சொன்ன கதையா?

ஆறாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் இங்கிலீஷ் எடுக்கிற டீச்சருங்க நாலு பேர் சேர்ந்தா இந்தப் பேச்சு வராம இருக்காது. கதை வேணும்ங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, எந்தக் கதைங்கிறதுலதான் ஆளுக்கொரு கட்சி. இக்காரஸ், மைடாஸ், பண்டோரான்னு கிரேக்கப் புராணம் ஒரு பக்கம், ராமாயணம் மகாபாரதம் ஒரு பக்கம், பசங்க வீட்ல பெரியவங்க சொல்லிக் கேட்ட கதை இன்னொரு பக்கம். மூணையும் கிளாஸ்ல எடுத்திருக்கேன், அதனால என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். வாயைத் திறந்து பேசவும் எழுதவும் வைக்கணும்னா தெரிஞ்ச கதை. உக்காந்து படிக்க வைக்கணும்னா தெரியாத கதை. நாம பெரும்பாலும் இதை அப்படியே தலைகீழா பண்றோம்.

கிரேக்கக் கதைக்கு இருக்கிற பெரிய பலமே பசங்களுக்கு முடிவு தெரியாதுங்கிறதுதான். கிரீட் தீவுல மினோஸ் ராஜாகிட்ட மாட்டிக்கிட்ட டீடலஸ், இறகையும் மெழுகையும் வச்சு தனக்கும் மகன் இக்காரஸுக்கும் சிறகு செஞ்சு, "ரொம்பக் கீழ பறக்காத, கடல் ஈரத்துல இறகு கனத்துடும், ரொம்ப மேல போகாத, வெயில்ல மெழுகு உருகிடும்"னு சொல்ற இடத்துல நிறுத்திட்டு புக்கை மூடச் சொல்லுங்க, அடுத்து என்ன ஆகும்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. might, will மாதிரி வார்த்தை எல்லாம் தானா வந்து விழும், அதுக்கப்புறம் புக்கைத் திறக்க யாரையும் கெஞ்ச வேண்டாம். பின்னாடி ஷேக்ஸ்பியர் படிக்கிறப்பவும் இந்தப் பேருங்க வந்துட்டே இருக்கும், அதுவும் லாபம்.

ஆனா பேருங்கதான் தொல்லை. பெர்செபனின்னு ஒரு பொண்ணு, ஸ்பெல்லிங்கைப் பாத்துட்டு மொத்த கிளாஸும் கடைசில போன்னு படிக்கும், டெலிபோன் மாதிரி. பாடத்துக்கு முன்னாடியே பேரை எல்லாம் போர்டுல எழுதி சொல்லிப் பழக்கிடணும், இல்லன்னா ஒவ்வொரு வரியிலயும் திக்கித் திக்கி கதையே போயிடும். இன்னொண்ணு, கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னா பசங்க கைடுல இருக்கிறதை அப்படியே ஒப்பிப்பாங்க, ஏன்னா கதையும் புதுசு பாஷையும் புதுசு, சொந்தமா பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல.

ராமாயணத்துல பிரச்சனை வேற மாதிரி. சீதையை ராவணன் தூக்கிட்டுப் போற பகுதியை பேசேஜா குடுத்துக் கேள்வி கேட்டா, பேசேஜ்ல இல்லாத லட்சுமணன் கோடு விடைத்தாள்ல வந்து நிக்கும். அந்தக் கோடு வால்மீகியிலயும் இல்ல, கம்பன்லயும் இல்ல, பசங்க டிவியில பாத்தது. அதாவது அவங்க படிக்கவே இல்ல, ஏற்கனவே தெரிஞ்சதை வச்சு எழுதியிருக்காங்க. ரீடிங் காம்ப்ரிஹென்ஷனுக்கு இதனாலதான் இதிகாசம் ஒத்து வராதுங்கிறேன். ஒம்பதாவதுக்கு வந்துட்டா அதே குறையை வேலைக்கு எடுத்துக்கலாம், வால்மீகியில ராவணன் சீதையைக் கையாலயே பிடிச்சுத் தூக்குறான், கம்பன்ல குடிசையைத் தரையோட பேத்து எடுக்கிறான், ஏன் மாத்தினாங்கன்னு கேட்டுப் பாருங்க, இங்கிலீஷ் தப்பும் தவறுமா வந்தாலும் வாதம் தூள் பறக்கும்.

இக்காரஸ் முடிஞ்ச கையோட சம்பாதி கதையையும் வச்சா இன்னும் நல்லா இருக்கும். ஜடாயு சூரியன் பக்கத்துல போறான், வெப்பம் தாங்கல, அண்ணன் சம்பாதி தன் சிறகை விரிச்சு தம்பியை மூடிக் காப்பாத்திட்டு தான் கருகி விழறான். அங்க அப்பா எச்சரிச்சும் மகன் போயிட்டான், இங்க அண்ணன் குறுக்க வந்து நின்னான். ஒப்பிட்டு எழுதுன்னு சொல்ல இதை விட நல்ல ஜோடி எனக்குக் கிடைக்கல.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. கிளாஸ்ல எல்லா மதத்துப் பசங்களும் இருப்பாங்க. கிரேக்கக் கடவுள் சீயஸ் கதையை எப்படி கதையா எடுக்கிறோமோ அப்படியே ராமாயணத்தையும் எடுக்கணும், கும்பிடச் சொல்ற தொனி வந்துட்டா ஒரு மூலையில சில பசங்க அமைதியாயிடுவாங்க, அது ரொம்பத் தப்பு.

வீட்டுக் கதைக்கு வர்றேன், என் மனசு இங்கதான் இருக்கு. கொழுக்கட்டைக் கதை எல்லாருக்கும் தெரியும். மாமியார் வீட்ல கொழுக்கட்டை சாப்பிட்டவன் பேரு மறக்கக் கூடாதுன்னு வழியெல்லாம் கொழுக்கட்டை கொழுக்கட்டைன்னு சொல்லிட்டே வர்றான், ஒரு பள்ளத்தைத் தாண்டுறப்ப அத்திரிபாச்சான்னு குதிக்கிறான், அதுல இருந்து அத்திரிபாச்சாதான். கடைசி பெஞ்ச்ல வாயே திறக்காத பையனைக் கூப்பிட்டு இதை இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க. ஹி வாக்ட், ஹி செட் கொழுக்கட்டை, ஹி வாக்ட், ஹி செட் கொழுக்கட்டைன்னு ஆரம்பிப்பான், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வர்றதால பயம் போயிடும், பாஸ்ட் டென்ஸ் நாக்குல உக்காந்துடும். கொழுக்கட்டையை இங்கிலீஷ் பண்ணச் சொல்லாதீங்க, அப்படியே இருக்கட்டும். ஆனா கடைசில பொண்டாட்டியை அடிச்சு நெத்தி கொழுக்கட்டையாட்டம் வீங்குற இடம் வரும், எல்லாரும் சிரிப்பாங்க. அங்க நிறுத்திக் கேளுங்க, அவ ஏன் அடி வாங்கணும், வேற முடிவு எழுதுன்னு. நல்ல ரைட்டிங் டாஸ்க் அது. நம்ம கதைன்னா எல்லாமே நல்லதுன்னு இல்ல, நல்லதங்காள் கதையை ஏழு பிள்ளைங்களோட கிணத்துல விழற வரைக்கும் ஆறாவதுல சொல்ல முடியுமா? கிரேக்கத்துலயும் இப்படி நிறைய உண்டு.

மூணுல ஒண்ணுதான் எடுக்கணும்னு யாரும் சொல்லல, ஒரே கதை பல ஊர்ல இருக்கிறதைப் பிடிங்கன்னுதான் நான் சொல்லுவேன். கீரிப்பிள்ளை கதையை எடுத்துக்கோங்க. பஞ்சதந்திரத்துல இருக்கு, சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில கீரியைக் கொன்ன அந்தப் பொண்ணுக்கு கோவலன் பொருள் குடுத்து உதவுறதா மாடலன்ங்கிற அந்தணன் சொல்றான். அதே கதை வேல்ஸ்ல கெலர்ட்ங்கிற வேட்டை நாயா மாறி நிக்குது, பெட்கெலர்ட்னு ஒரு ஊரே இருக்கு, அதுக்குச் சமாதின்னு காட்டுறாங்க. நாய் கொன்னது பாம்பை இல்ல, ஓநாயை. முதல்ல கீரியைப் பசங்க சொல்லணும், அப்புறம் கெலர்ட்டை அவங்களே படிக்கணும். வாயில ரத்தத்தைப் பாத்த உடனே பாதிப் பேருக்குப் புரிஞ்சு போயிடும், இருந்தாலும் குழந்தை எங்க, கொன்னது எதைன்னு தேட வரி வரியா படிச்சுத்தான் ஆகணும்.

பாஸ்ட் பெர்பெக்ட் நடத்த இதை விட்டா வேற கதை எனக்குத் தெரியல. அவ வீட்டுக்கு வந்தப்ப கீரி ஏற்கனவே பாம்பைக் கொன்னிருந்துச்சு, த மங்கூஸ் ஹேட் கில்ட் த ஸ்னேக். அந்த ஹேட் அவளுக்குத் தெரியாமப் போனதுதான் கதையே. ஆறாவதுல கீரியோட நிறுத்திக்கோங்க, கெலர்ட்டை எட்டாவதுல வைங்க, சின்னப் பசங்க நாய் செத்ததுக்கு அழுதுடுவாங்க.