கைப்பெடலா, மின்தூண்டல் சைக்கிளா?

தண்டுவடக் காயம் பட்டவர்கள் பிசியோவிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எதுல கலோரி நெறைய குறையும்?" அதற்கு முன்னால், சும்மா உட்கார்ந்திருக்கையில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிடலாம். பொதுக்கணக்குப்படி, ஓய்வில் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன் செலவாகும். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு அது 2.7 மி.லி.தான். 70 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி இருந்த இடத்தில் ஏறக்குறைய 1,300. செயலிழந்த தசைகள் வற்றிப்போவதே முக்கியக் காரணம். சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும்.

இனி கைப்பெடல், அதாவது கையால் சுற்றும் பெடல் கருவி. 30 வாட் எதிர்ப்பில் அரை மணி நேரம் சுற்றினால் சுமார் 100 கலோரி. மேசைமேல் வைக்கலாம், கைகளில் வலு இருந்தால் ஆள் துணை வேண்டாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை. பலவீனம் தோள்பட்டை. சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் கட்டிலுக்கு மாறுவதும் அதே தோள்தான். அதனால் பின்னோக்கி இழுக்கும் பயிற்சிகளையும் கூடவே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கலோரியை நம்பவே வேண்டாம். டி6-க்கு (மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) மேலே முழுக் காயம், அதாவது அதற்குக் கீழே உணர்வும் அசைவும் அறவே இல்லை என்றால், இதயத்துக்குப் போகும் நரம்புக் கட்டளை தடைபடும். மூச்சு வாங்கச் சுற்றினாலும் துடிப்பு 120-ஐ ஒட்டியே நின்றுவிடலாம். நாம் லேசாகத்தான் சுற்றுகிறோம் என்று வாட்ச் நினைத்துக்கொள்ளும்!

மின்தூண்டல் சைக்கிள் வேறு ரகம். முன்தொடை, பின்தொடை, பிட்டம் என்று மின்பட்டைகளை ஒட்டி மின்சாரத்தை ஏற்றினால், தசை முதலில் லேசாகத் துடிக்கும், அப்புறம் இறுகும், பெடல் நகரும். முழுக் காயம் உள்ள ஆளுக்கு உணர்வே இருக்காது, வேடிக்கை பார்ப்பார். தொடக்கத்தில் சில நிமிடங்களிலேயே கால் ஓய்ந்துவிடும். மூளை தசையிழைகளை முறைவைத்து வேலை வாங்கும். மின்சாரமோ அதே இழைகளையே திரும்பத் திரும்ப இழுக்கிறது. 10, 15 வாட் வந்தாலே பெரிது. கலோரிப் போட்டியில் கைப்பெடல்தான் ஜெயிக்கும். ஆனால் வற்றிய தொடையில் சதை பிடிக்க வைப்பது இதுதான், கைப்பெடலால் அது ஆகாது. பட்டையை எடுத்ததும் தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் கைப்பெடல் பக்கம். 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் உடல்திறனுக்கு வாரம் 2 நாள் 20 நிமிடமும், இதய–சர்க்கரை நலனுக்கு வாரம் 3 நாள் 30 நிமிடமும் கேட்கிறது. வீட்டிலேயே இருக்கும் கருவியில்தான் அது நடக்கும். கையும் காலும் சேர்ந்து இயங்கும் மின்தூண்டல் துடுப்புக் கருவி கிடைத்தால் இரண்டையும்விட அதுவே மேல்.

எதுவானாலும் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள். டி6 அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவருக்குத் திடீரென்று மண்டையிடி, முகத்தில் வியர்வை என்றால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் வடிகுழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சைதான்.

மின்தூண்டல் சைக்கிளுக்குப் பணம் கட்டும் முன் பிசியோவிடம் ஒரு தடவை தொடையில் பட்டை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டுவடத்தின் அடிமுனை நரம்புக் கற்றை அடிபட்டவர்களுக்கு அந்தத் தசை அசையாமலே இருந்துவிடலாம்.