அப்பாவின் மர்பியைப் பேச வைத்த கடை

திருநெல்வேலி டவுனில் வாகையடி முனையில் இறங்கி, ஒரு முடுக்குக்குள் நுழைந்து நடந்தால், தையல் கடைக்கும் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு ரேடியோ பழுது பார்க்கும் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. கதவுக்கு மேலே பழைய குழாய் ஒலிபெருக்கி ஒன்று தொங்கும், அதுதான் அடையாளம். வால்வு என்னும் கண்ணாடிக் குழல்களால் ஓடும் பழைய ரேடியோவைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நாலு மாதம் அலைந்து, கடைசியில் நான் கண்டுபிடித்த இடம் இது. அங்கே என் அப்பாவின் மர்பி ரேடியோவைக் கொடுத்துச் சரி செய்து வாங்கினேன். உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கும் என்பதால் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வீரவநல்லூர். நெசவுத் தெரு. அப்பா குழித்தறியில் சேலை நெய்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலை அம்மா ராட்டையில் தாராகச் சுற்றினாள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ரேடியோ வந்தது. தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தால் அப்பாவின் தலை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்தான் இருக்கும். அதனால் ரேடியோவுக்கான பலகையையும் தாழ்வாகவே அடித்தார், நாடாவை விட்டுவிட்டுக் கையை நீட்டினால் குமிழ் எட்ட வேண்டும் என்று. எங்களுக்கும் எட்டும் உயரம்தான். ஆனால் தொடக் கூடாது. மர்பி பெட்டிக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பச்சை வெளிச்சம் விழுந்த அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்போம். பாட்டைக் காதால் கேட்டால் போதும் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பார்க்காமல் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்'. ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி. அதில் சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் வரும் நாளில் அப்பா ஒலியைக் கொஞ்சம் கூட்டுவார். மாலையில் திருநெல்வேலி நிலையத்தின் 'வயலும் வாழ்வும்'. எங்களுக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனாலும் தவறாமல் கேட்டோம். மழை வருமா வராதா என்பது தெருவில் பாவு (தறியின் நீள நூல்) நீட்டிக் கஞ்சி போடுகிறவர்களுக்கும் வேண்டிய சேதிதானே. பாவு நனைந்தால் அன்றைய கூலி போயிற்று.

இதில் எனக்கென்று ஒரு கடன் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் பழம் என்பது பளம்தான், கிழவி கிளவிதான், மழையும் மளைதான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் பேசினோம். ழகரத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ரேடியோ. இலங்கை வானொலியின் 'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம் வாழ்த்து என்று சொல்லும்போது நாக்கு எங்கே மடிகிறது என்று, அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு புறவாசலில் நின்று சொல்லிப் பார்ப்பேன். அதே வானொலியின் கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசுவார்; அந்த வேகத்திலும் ஒரு எழுத்துகூட இன்னொன்றின் மேல் ஏறாது. அப்துல் ஹமீத் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து நம் கையில் வைப்பதுபோல் நிதானமாகச் சொல்வார். பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகள் 'வாழைப்பழம்' என்று திருத்தமாகச் சொன்னார்கள் என்றால் அதில் கொழும்புக்கும் பங்கு உண்டு.

1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் இறந்த செய்தியும் இந்தப் பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. அப்பாவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த வீட்டுத் தறி, எதிர் வீட்டுத் தறி என்று ஒவ்வொன்றாக நின்றது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் தெரு பகலில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் ரேடியோ ஒரு நாள் வாயை மூடியது. டிவி வந்திருந்ததால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, அப்பாவைத் தவிர. ஒரு சேலைத் துண்டில் சுற்றிப் பரணில் ஏற்றியவர் அவர்தான். அவர் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டை ஒழித்தபோது நான் இறக்கினேன். எலி ஸ்பீக்கர் காகிதத்தைக் கடித்திருந்தது. ஒரு குமிழைக் காணவில்லை.

முதலில் காட்டிய ஒரு கடையில், உள்ளே இருக்கிறதை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஒரு புளூடூத் பலகையைப் பொருத்தித் தருகிறோம், ஒரு மணி நேர வேலை என்றார்கள். அப்படிச் செய்த இன்னொரு பெட்டியைப் போட்டும் காட்டினார்கள். 'தும் தும்' என்று மேசை அதிர்ந்தது. பாடியவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டவுன் கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் அண்ணாச்சி என்று அழைத்தேன். என் தொழிலைக் கேட்டுக்கொண்டு அவர் என்னை டீச்சர் என்றார். வேலையை என் கண் முன்னாலேயே தொடங்கினார். முதலில் பின்பக்க அட்டையைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். பிளக்கை நான் சுவரில் சொருகப் போனேன். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். அவரிடம் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஒரு குண்டு பல்பு. மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் ரேடியோவுக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ தப்பித்துக்கொள்ளும். பல்பு பளீரென்று எரிந்தது. "பார்த்தீர்களா டீச்சர்? நேராகக் கொடுத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்திருக்கும். அதைத் திரும்பச் சுற்ற இப்போது ஆள் இல்லை" என்றார். பரணிலிருந்து இறக்கிய ரேடியோவை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று நேரே கரன்ட்டில் போடுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் செத்திருந்தது. காகிதக் கண்டென்சர்கள் எல்லாம் கசிந்திருந்தன. அவற்றில் ஒன்று கசிந்தால் ஒலி தரும் கடைசி வால்வையே தின்றுவிடுமாம். தின்றும் இருந்தது. அந்த இ.எல்.84 வால்வை ஒரு பழைய பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் போட்டார். மற்ற வால்வுகள் நன்றாக இருக்கின்றன என்று சோதித்துக் காட்டினார். ஸ்பீக்கர் கிழிசலை மெல்லிய காகிதமும் பசையும் வைத்து ஒட்டினார். பேண்ட் மாற்றும் சுவிட்சைத் துடைத்தார். டயல் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்ததால் புதிது கட்டினார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடைக்கு நான் ஆயுளுக்கும் நன்றி சொல்லக் காரணம். எங்கள் டயல் கண்ணாடியின் உள்பக்கத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. சேலையின் குறுக்கே ஊடையாகப் போடும் சாய நூல். கொழும்பு நிலையம் எங்கே வருகிறது என்று அப்பா கஞ்சிப் பசையால் ஒட்டி வைத்த அடையாளம். அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது, முள் நூலைத் தொட்டால் நிறுத்து என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது நூலைப் பார்த்து நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். சொன்னேன். பஞ்சை ஈரமாக்கி, நூலைச் சுற்றி, அதன் நுனிகூட நனையாமல் துடைத்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நூலின் ஓரத்தில் பசை படிந்த பழுப்பு வட்டம் இருக்கிறது; அதையும் விட்டுவிட்டார். பிறகு முள்ளைப் பொருத்தும்போது, நூலுக்கு நேரே கண்ணாடியில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து, சோதனைக்கு ரேடியோ அலை உண்டாக்கும் தன் சிக்னல் ஜெனரேட்டரை அந்த அலைவரிசைக்கு வைத்தார். குமிழை மெல்லத் திருப்பினார். முள் சரியாக நூலைத் தொட்ட இடத்தில் ரேடியோ 'கூ' என்று விசில் அடித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் பேசாத பெட்டியின் முதல் சத்தம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

டீ குடித்துக்கொண்டே நான் சின்ன வயதில் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டேன்: சென்னை இரைச்சலோடு வந்தபோது கொழும்பு மட்டும் எப்படி அடுத்த தெருவிலிருந்து பேசுவதுபோல் கேட்டது? மத்திய அலை (மீடியம் வேவ்) தரையில் போகும்போது சீக்கிரம் களைத்துப்போகும், உப்புத் தண்ணீரின் மேல் வெகுதூரம் ஓடும்; நமக்கும் கொழும்புக்கும் நடுவில் கிடப்பது மன்னார் வளைகுடா அல்லவா என்றார். இவ்வளவு எளிதாக எந்த அறிவியல் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதினைந்து நாள் என்று சொல்லி நாற்பத்தேழு நாள் ஆக்கினார். செல்போனை எடுக்கவே மாட்டார். நான் பாளையங்கோட்டையிலிருந்து மூன்று முறை பஸ் ஏறிப் போய்த் திரும்பினேன். கண்டென்சர் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ரசீது கிடையாது, ஒரு காகிதத்தில் கணக்கெழுதிக் கொடுத்தார். காணாமல் போன குமிழுக்குப் பதிலாக வைத்தது நிறத்தில் ஒத்துப்போகவில்லை. டயலுக்குள் வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிட்டார், பழைய மாதிரி மங்கலாக வேண்டும் என்றேன், முணுமுணுக்காமல் மாற்றினார். மொத்தம் 2,850 ரூபாய் ஆயிற்று. முன்பணம் 500. பல நாள் கைவேலைக்கு இது அதிகம் என்று என்னால் சொல்ல முடியாது. பெட்டி கனமானது, ஆட்டோ முடுக்குக்குள் வராது. துணைக்கு ஒரு ஆளோடு போங்கள்.

ஒலி எப்படி என்று கேட்பீர்கள். சுவிட்சைப் போட்டால் வால்வு சூடாக அரை நிமிடம் ஆகிறது. பிறகு தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல் குரல் மெல்ல வந்து சேர்கிறது. திருநெல்வேலி நிலையம், 1197 கிலோஹெர்ட்ஸ், பகலிலும் சுத்தமாகக் கேட்கிறது. இரவில் தூத்துக்குடி 1053 வலுவாக வருகிறது. வீட்டு எல்.இ.டி. விளக்குகளையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், பாதி இரைச்சல் போய்விடும். அன்று இல்லாத இடைஞ்சல் இது. முதல் நாள் அறிவிப்பாளர் ஒருவர் 'நிகழ்ச்சி' என்றார். அந்த ழகரம் துல்லியமாக, நாக்கு மடிந்த இடம் தெரியும்படி கேட்டது. அந்த ஒரு சோதனை எனக்குப் போதும். அதிரும் பாட்டுக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பெட்டி ஏமாற்றமாக இருக்கும். பேச்சுக் கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்லதை நான் கண்டதில்லை.

முள்ளை நூலுக்கும் கொண்டுபோனேன். பகலில் ஒன்றும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு இரைச்சல், அலை அடிப்பதுபோல் ஏறி இறங்குகிறது. அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. காது சரியாகக் கேட்காது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். "கொழும்பில்தான் வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கடை காலை பத்தரைக்குத் திறக்கிறது, மதியம் இரண்டு முதல் ஐந்து வரை சாத்தியிருக்கும், ஞாயிறு விடுமுறை. வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் ரேடியோவை ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கண்டென்சரும் கெடும் என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். வேலை கற்றுக்கொள்ளும் பையன் யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை. கிளம்பும்போது பிஸ்கட் டின்னிலிருந்து இன்னொரு இ.எல்.84 வால்வை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, மேலே வால்வின் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "இது போனால் அதைப் போடச் சொல்லுங்கள். நான் இருந்தால் நானே போடுகிறேன்" என்றார். அது இப்போது என் பீரோவில், அப்பா ஆண்டு தவறாமல் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பித்து வந்த ரேடியோ லைசென்ஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் சித்தி வீட்டு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன்.