ஆறு வருஷம் ஆட்டின் மேல் போட்ட பழி

சித்தியின் மகள் தெஹிவளையில் புது பிளாட்டுக்குக் குடி போகிறாள். போன கிழமை வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள்: "அண்ணா, ஹோலுக்குக் காபட் எடுக்கப் போறன். கம்பளியா, சிந்தெற்றிக்கா? உங்கட வீட்டில ரெண்டும் கிடக்குதுதானே, கெதியாச் சொல்லுங்கோ."

கெதியாகச் சொல்லி முடிக்கிற விஷயமா இது? மூன்று நாள் பதில் போடாமல் இருந்துவிட்டு இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். (காபட் என்றால் நம் ஊரில் பாதிப் பேருக்கு வீதிக்குப் போடுகிற தார்தான் ஞாபகம் வரும். ஒழுங்கைக்குக் காபட் எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்பக்கம், மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், உப்புக் காற்று. கம்பளிக் காபட் 2019இல் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம் கனடா போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் ஆறுக்கு ஒன்பது அடி, இந்தியாவில் செய்தது, 38,000 ரூபாய். லிஃப்ட் வேலை செய்யாத நாள். இருபது கிலோவுக்குக் குறையாது. நானும் மச்சானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படியேற்றினோம். அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். சிந்தெற்றிக் அடுத்த வருஷக் கடைசியில் புறக்கோட்டையில் எடுத்தது. துருக்கியில் மெஷினில் நெய்த பொலிப்ரொப்பிலீன், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக் இழை, அதே அளவு, எடை பாதி, விலையும் பாதிக்குக் குறைவு. அதைத் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். கம்பளி ஹோலில், மற்றது டிவி அறையில்.

இப்போது மணத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2019 ஒக்டோபர் மழை தொடங்கி நாலாம் நாள், வேலையால் வந்து கதவைத் திறந்தால் நனைந்த ஆட்டுக் கொட்டில் மணம். மனைவி என்னைப் பார்த்தாள், நான் காபட்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து அதற்கு வீட்டில் பெயர் 'செம்மறி'. வெயில் நாளில் சாதுவாகக் கிடக்கும். மழை இரண்டு நாள் பிடித்தால் செம்மறி எழும்பிவிடும். அப்பச் சோடா தூவி இரவு முழுக்க விட்டு வக்யூம் பிடித்தேன். மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். அம்மா சாம்பிராணி காட்டிப் பார்த்தா. கோயில் வாசலில் ஆடு கட்டின மாதிரி ஆனதுதான் மிச்சம்.

நானும் வாசித்துத் தெரிந்துகொண்டவன்தான். கம்பளி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. பொலிப்ரொப்பிலீன் ஈரத்தைக் கிட்டத்தட்ட எடுப்பதே இல்லை. எங்கள் வீட்டிலோ கடல் உப்பும் சேர்த்து ஈரத்தை இழுக்கும். அப்போ குற்றவாளி யார்? ஆடுதான். வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னேன்: கம்பளி நுவரெலியாவுக்குச் சரி, கொழும்புக்குச் சரிவராது. என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சிந்தெற்றிக் வாங்கினார்கள்.

இன்னொரு விஷயமும் கூடவே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கிழமையும் காபட்டின் ஓரத்தைத் தூக்கிக் கூட்டினால் அடியில் மஞ்சள் வெள்ளையாக மா மாதிரி ஒரு தூள். கடற்கரை மணல் என்று நினைத்தேன். ஐந்து வருஷம் அப்படியே நினைத்தேன். மணலும் மாவும் கையில் பிடித்தால் வேறு வேறு என்று தோன்றவில்லை. சில விஷயங்களில் மூளை தன் பாட்டில் லீவு எடுத்துக்கொள்ளும்.

போன செப்டெம்பரில் ஒரு மூலையில் அடித்துணி கிழிந்து தொங்கியது. திருத்துகிற ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். காபட்டைப் புரட்டினார், துணியை இன்னும் கொஞ்சம் உரித்தார், உள்ளே இருந்து பழைய றப்பர் பாண்ட் மாதிரி பொரிந்துபோன ஒரு துண்டை விரலால் நுள்ளி எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"மணந்து பாருங்க."

அதே கொட்டில்.

"இதுதான் உங்கட ஆடு," என்றார்.

விஷயம் இதுதான். கையால் செய்தது என்று சொல்லி விற்கிற கம்பளிக் காபட்டில் முக்கியமாக இரண்டு சாதி உண்டு. ஒன்று முடிச்சு: ஒவ்வொரு நூலையும் தறியில் கட்டி முடிச்சுப் போடுவது, பசை கிடையாது. மற்றது கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் இழுத்துக் கட்டிய துணியில் நூலைக் குத்தித் தள்ளுவது. குத்தின நூல் கழன்று வராமல் இருக்கப் பின்பக்கம் லேடெக்ஸ் என்கிற றப்பர் பசை பூசி, அந்த அசிங்கம் தெரியாமல் மேலே ஒரு பருத்தித் துணி ஒட்டுவார்கள். எங்களுடையது இரண்டாவது சாதி. லேடெக்ஸ் வயது போகப் போக உலர்ந்து தூளாகும், நாறும். சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் அது இன்னும் கெதியாகக் கிழண்டும். நான் கூட்டி அள்ளிய மணல் அதுதான். ஆட்டின் மேல் நான் போட்ட பழியெல்லாம் பசைக்குப் போக வேண்டியது. வாங்கும்போது புரட்டிப் பாருங்கள்: பின்பக்கமும் முன்பக்கத்துப் பூ வேலை அப்படியே தெரிந்தால் முடிச்சு அல்லது நெய்தது, முழுக்கத் துணி ஒட்டியிருந்தால் உள்ளே பசை இருக்கிறது.

அவர் கொண்டுபோய்ப் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை பூசி, புதுத் துணி வைத்துத் தந்தார். பதினொரு நாள், 16,000 ரூபாய். சொன்ன நாளைவிட நாலு நாள் கூட. போன் எடுத்தால் "காயுது சேர்" என்ற ஒரே பதில். கோபம் வந்தது, ஆனால் காயவிட்டது நல்லதுக்குத்தான்.

சோதனை நவம்பர் கடைசியில் வந்தது. டித்வா புயல். நாட்கணக்கில் ஜன்னல் திறக்கவில்லை, சுவரெல்லாம் வேர்த்தது. களனிப் பக்கம் சனம் கூரையில் நின்ற நேரம் நான் ஹோலில் முழங்காலில் நின்று காபட்டை மணந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மணம் இல்லை. மூக்கை நன்றாகப் புதைத்தால் மெல்லிதாக ஏதோ மிருக வாசனை, மழையில் நனைந்த ஸ்வெட்டருக்கு இருக்குமே, அவ்வளவுதான்.

ஆகவே கம்பளியிடம் மன்னிப்புக் கேட்கிற விதமாக அதன் நல்லதுகளையும் சொல்கிறேன். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்கள். ஃபேன் இல்லை, நுளம்பு பிடுங்குகிறது, அறைக்கு அறை நுளம்புத்திரி. ஒரே கிழமையில் இரண்டு காபட்டிலும் தணல் விழுந்தது. கம்பளியில் விழுந்தது தலைமயிர் கருகின மணத்தோடு தானாகவே அணைந்தது. கருகின நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். இன்றைக்கு இடம் கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. டிவி அறையில் விழுந்தது ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு உருகிக் கட்டியாகிவிட்டது. வெறுங்காலில் மிதித்தால் குத்தும். கம்பளி தீப்பிடிக்க 570 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பொலிப்ரொப்பிலீன் 160 பாகை கடந்ததுமே உருகத் தொடங்கும். அலுமாரியை வேகமாக இழுத்தாலே அந்த உரசல் சூட்டில் பளபளவென்று ஒரு கோடு விழும், எங்களுடையதில் இரண்டு கோடு இருக்கிறது. கடையில் கம்பளி என்று சொன்னதில் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு இழையைப் பிடுங்கி வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகின மணமும் நொறுங்குகிற சாம்பலும் வந்தால் கம்பளி. உருகி மணி மாதிரி உருண்டால் பிளாஸ்டிக்.

கம்பளி இழைக்குச் சுருள் இருக்கிறது, மிதித்தாலும் எழும்பும். செற்றியின் கால் பதிந்த குழிக்கு ஈரத்துணி போட்டு அயன் பாக்ஸ் ஆவி காட்டினேன், நிமிர்ந்துவிட்டது. சிந்தெற்றிக்கிலோ கதவிலிருந்து செற்றி வரைக்கும் இரண்டே வருஷத்தில் ஒற்றையடிப் பாதை விழுந்தது.

அடுத்தது எண்ணெய். அம்மா சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவதற்கு முன்னம் ஒரு மணித்தியாலம் டிவி அறைக் காபட்டில்தான் சரிந்து கிடப்பா. ஐந்து வருஷம், அதே இடம். அங்கே தலை அளவில் கறுத்து ஒரு வட்டம். பொலிப்ரொப்பிலீனுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெயென்றால் உயிர். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் தேய்த்தால் போன மாதிரி இருக்கும். காய்ந்ததும் அடியிலிருந்து ஏறி வந்துவிடும். ரோல்ஸ், கட்லட் சாப்பிட்ட பிள்ளைகளின் கையும் அப்படித்தான்.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். தேத்தண்ணி ஊற்றினால் சிந்தெற்றிக் கவலைப்படாது, துடைத்தால் முடிந்தது. கம்பளிக்குத் தேயிலைச் சாயம் பட்டுச்சேலைக்குச் சாயம் போட்ட மாதிரி ஏறும். ஹோல் நடுவில் இலங்கைப் படம் போல் ஒரு கறை இருக்கிறது, யாழ்ப்பாணக் குடாநாடு உட்பட. உடனே துணியை வைத்து ஒற்றி எடுத்திருந்தால் தப்பியிருக்கும். நான் பதட்டத்தில் தேய்த்தேன், அதோடு வாஷிங் பவுடரும் போட்டேன். கறை நீக்குவதற்கு அதில் கலக்கும் என்சைம் கம்பளியையும் சேர்த்துத் தின்னும். ப்ளீச் அதைவிட மோசம், இழையையே கரைத்துவிடும்.

பூச்சியும் கம்பளிக்குத்தான். கொழும்பு வீட்டுச் சுவர்களில் பூசணி விதை மாதிரி சாம்பல் நிறக் கூடு ஒன்று ஊர்ந்து போகுமே, உள்ளிருந்து தலையை நீட்டி நீட்டி, அதன் வீட்டுக்காரர் கம்பளி தின்பவர். செற்றிக்குக் கீழே, யாரும் கூட்டாத இருட்டில், ஒரு உள்ளங்கை அளவு மேய்ந்திருந்தார். இப்போது மாதம் ஒருமுறை செற்றியை நகர்த்தி இரண்டு பக்கமும் வக்யூம் பிடிக்கிறேன். சிந்தெற்றிக்கை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் வாசித்துவிட்டுக் கம்பளிதான் வாங்கச் சொல்வேன் என்று தங்கச்சி நினைப்பாள். நானும் நேற்று வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். நேற்றுப் பின்னேரம் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மழை. ஆறு வருஷப் பழி நீங்கி, 16,000 ரூபாய் செலவழித்து, மணமில்லாமல், மெத்தென்று ஹோலில் விரிந்து கிடக்கிறது கம்பளி. அதில் இருந்தது நான் மட்டும். அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டும், மேல் வீட்டுப் பெடியனும் டிவி அறையில், உருகின கட்டிக்கும் எண்ணெய் வட்டத்துக்கும் நடுவில் குவிந்து கிடந்தார்கள். இங்கே வாங்கோவன் என்று கூப்பிட்டேன்.

"அது குத்துது," என்றா அம்மா. காபட்டுக்குப் போடுவது தடித்த கம்பளி, குத்தும்தான். சின்னவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அங்க தேத்தண்ணி ஊத்தினா நீங்க ஏசுவீங்க."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஹோல் வாசலில் நான் யார் கையில் கோப்பை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். பசையும் புதுசு என்றாலும் பசைதான். ஆறேழு வருஷத்தில் மறுபடியும் செம்மறி எழும்பும், மறுபடியும் பதினொரு நாள் "காயுது சேர்".

தங்கச்சி, உன் வீட்டில் தவழுகிற பிள்ளை இருக்கிறது. சிந்தெற்றிக் எடு. ஐந்து வருஷத்தில் தூக்கிப் போட்டாலும் நெஞ்சு வலிக்காது. என்னுடைய கம்பளியை விலைக்குக் கேட்டாய் என்று சித்தி சொன்னா. அது விற்கிறதற்கில்லை.

நிறம் மட்டும் பார்த்து எடு. கடைக்காரன் வெளிர் சாம்பல் நிறம்தான் இப்போ எல்லோரும் எடுக்கினம் என்பான். கேட்காதே. நல்லெண்ணெய் நிறத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும், அதைச் சுருட்டித் தரச் சொல்.