பருத்த மட்டக்குதிரையை மெலியவைப்பது: வாய்க்கூடையா, ஊறவைத்த உலர்புல்லா, ஓட்டமா?

பிரிட்டனின் வேல்ஸ் மலைச்சரிவுகளிலும் ஷெட்லாந்து தீவுகளிலும் உருவான மட்டக்குதிரைகள், கோடையில் கிடைக்கும் புல்லைத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலத்தில் முரட்டுப் புல்லையும் புதர்த் தழையையும் கடித்துக் காலம் தள்ளி, வசந்தம் பிறப்பதற்குள் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும் உடல்வாகு கொண்டவை. இன்று அவற்றுள் பல, கறவை மாடுகளுக்கென விதைத்து உரமிட்டு வளர்த்த ரைகிராஸ் புல்வெளிகளில் நிற்கின்றன. குளிர்காலத்தில் முதுகின்மேல் போர்வை கிடக்கிறது, முகத்துக்கு நேரே நிறைந்த புல்வலை தொங்குகிறது, வாரத்தில் ஓரிரு முறை ஒரு குழந்தை ஏறிச் சுற்றி வருவதே வேலையாக இருக்கிறது. கொழுப்பு கரைய வேண்டிய பருவம் வராமலே அடுத்த கோடை வந்துவிடுகிறது.

இதை வெறும் தோற்றக் குறையாகக் கருதுவோர் இன்னும் உண்டு என்பதுதான் எனக்கு வருத்தம். பருத்த குதிரைகள் பலவற்றின் இரத்தத்தில் இன்சுலின் அளவு மிகுந்து நிற்கிறது. அந்த மிகை இன்சுலினே, கால் எலும்பைக் குளம்பின் சுவரோடு இணைத்துத் தாங்கும் மெல்லிய தாள்களைப் பலவீனப்படுத்தி, லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியைக் கொண்டுவருகிறது. 2007-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நலமாயிருந்த மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியே இந்நோயை உண்டாக்கிக் காட்டினர். நோய் முற்றினால் எலும்பு குளம்புக்குள் சாய்ந்து இறங்கிவிடும். அடுத்த அடி எடுத்து வைக்கவே அஞ்சி நிற்கும் விலங்கைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் குதிரை உண்மையிலேயே பருத்திருக்கிறதா என்பதைக் கையால் அறிய வேண்டும். 1983-ஆம் ஆண்டில் குதிரை ஆய்வாளர் ஹென்னெக்கேயும் அவருடைய குழுவினரும் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலில் 5 என்பது நல்ல நிலை. 7-ஐத் தொட்டால் கவலைப்பட வேண்டும். விரல்களைத் தட்டையாக வைத்து விலாவின்மேல் இழுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மெத்தையை அழுத்துவது போலிருந்தால் உள்ளே கொழுப்பு இருக்கிறது. பிடரியின் மேல்விளிம்பைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: நலமான குதிரையில் அது இணங்கி ஆடும், பருத்த குதிரையில் கட்டையைப் போல் விறைத்து நிற்கும். எடைமேடை இல்லாத இடத்தில் ஒரு நாடாவே போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 158 என்றால் எடை சுமார் 300 கிலோ. இந்த வேல்ஸ் மட்டக்குதிரையையே கீழே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். உள்ளே போகும் ஆற்றலை அது உண்மையிலேயே குறைக்கிறதா? குறைக்கும்போதும் குதிரையின் தாடையை அசையவைக்கிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கிறது. மென்று விழுங்கும் நாரும் உமிழ்நீருமே அதைத் தணிக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு நிற்கவைத்தால் குடற்புண்ணுக்கும் வயிற்றுவலிக்கும் வழி திறக்கிறோம்.

இந்த இரண்டாவது கேள்வியில் முதலில் தோற்பது பட்டினி. ஷெட்லாந்து, வேல்ஸ் போன்ற இனங்களும் கழுதைகளும் திடீரெனத் தீவனம் நின்றவுடன் உடல் கொழுப்பைக் கட்டுப்பாடின்றி இரத்தத்தில் இறக்கிவிடும். ஹைப்பர்லிபீமியா எனப்படும் இந்நிலை கல்லீரலைச் செயலிழக்கச் செய்து உயிரையே எடுத்துவிடக்கூடியது. சினையாக இருக்கும் குதிரைக்கு ஆபத்து இன்னும் மிகுதி. பருத்த விலங்கு பட்டினியைத் தாங்கும் என்ற எண்ணம் மட்டக்குதிரையைப் பொறுத்தவரை தலைகீழான தவறு. அளந்து குறைப்பதே வழி: நாள் ஒன்றுக்கு உடல் எடையில் 1.5 விழுக்காடு உலர்நிலைத் தீவனத்தில் தொடங்கலாம். நம் 300 கிலோ மட்டக்குதிரைக்கு அது 4.5 கிலோ; உலர்புல்லில் எஞ்சியிருக்கும் ஈரத்தையும் கணக்கில் கொண்டால் தராசில் 5.2 கிலோ அளவில் நிறுக்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு வரை, அதாவது ஒன்றரை முதல் மூன்று கிலோ வரை குறைந்தால் சரியான வேகம். பல வாரங்கள் கழித்தும் எடை அசையாவிட்டால் 1.25 விழுக்காட்டுக்கு இறங்கலாம். அதற்கும் கீழே போவது கால்நடை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டும்.

தானியத் தீவனத்தைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை: ஓட்ஸ், பார்லி, வெல்லப்பாகு சேர்த்த கலவை எல்லாம் முதல் நாளே நிற்க வேண்டும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது மனிதருக்குச் சொன்னது. நம் ஊரில் கொள்ளை அவித்துக் குதிரைக்கு வைத்தது உழைப்புக்கு ஈடாகத்தான். வேலையில்லாத பருத்த குதிரையின் தொட்டியில் அதற்கும் இடமில்லை. புரதத்துக்கும் தாதுக்களுக்குமான துணைத்தீவனத்தை மட்டும் சிறிதளவு கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

கடினமான கேள்வி மேய்ச்சல். பெரும்பாலானோர் முதலில் கையிலெடுப்பது நேரக் குறைப்பு: நாள் முழுவதும் வெளியே நின்ற குதிரையை மூன்று மணி நேரம் மட்டும் விட்டுவிட்டு லாயத்தில் கட்டுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வழியை நான் மிகவும் நம்பிக்கையற்றதாகக் கருதுகிறேன். மட்டக்குதிரை கடிகாரத்தைக் கற்றுக்கொள்கிறது; சில வாரங்களிலேயே வெளியே விட்டவுடன் தலையைத் தூக்காமல் புல்லை வாரித் தின்னப் பழகிவிடுகிறது. மூன்று மணி நேர மேய்ச்சலுக்குப் பழக்கிய மட்டக்குதிரைகள், ஆறாவது வாரத்தில் நாள் முழுவதுக்குமான உணவில் ஏறக்குறைய பாதியை அந்த மூன்று மணி நேரத்திலேயே தின்றுவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மீதி நேரத்துக்கு வலை நிறையப் புல்லும் தொங்கினால், குறைந்தது உரிமையாளரின் கவலை மட்டுமே.

வாய்க்கூடை இதற்கு மாறானது. போரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவதைப் போன்ற கூடைதான், அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளைக்குள் நுழையும் புல்நுனியை மட்டுமே கடிக்க முடியும். நேரம் குறையவில்லை, நடை குறையவில்லை, கூட்டத்தோடு நிற்பது குறையவில்லை, ஒவ்வொரு வாயிலும் போகும் அளவுதான் குறைகிறது. ஆகவே என் இரண்டு கேள்விகளுக்கும் அது நன்றாகவே விடை சொல்கிறது. ஆனால் அது கவனிப்பைக் கேட்கும் கருவி. புல் மிகக் குட்டையாக இருந்தால் துளையை எட்டாது. மிக உயரமாக இருந்தால் மடங்கி வெளியிலேயே கிடக்கும். கூடை மூக்கில் உராய்ந்து புண்ணாக்குகிறதா, தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். இரவும் பகலும் விடாமல் போட்டு வைக்கக் கூடாது. கழற்றிய பிறகு அதே புல்வெளியில் விட்டால், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடும். கழற்றும்போது லாயத்துக்கோ புல்லற்ற திடலுக்கோ கொண்டுபோய்விட வேண்டும் என்பதைப் பலர் சொல்ல மறக்கிறார்கள்.

மின்வேலியை நாள்தோறும் சிறிது நகர்த்தி ஒரு பட்டையை மட்டும் மேயவிடும் முறை, முழுத் திடலையும் திறந்துவிடுவதைவிட நிச்சயம் மேலானது. திடலின் ஓரமாகச் சுற்றுப்பாதை அமைத்து, ஒரு முனையில் தண்ணீரும் மறுமுனையில் உலர்புல்லும் வைத்து நடக்கவைக்கும் முறையும் அப்படியே. பாதையில் புல் முளைத்திருக்கும் வரை அது மேய்ச்சல்தான் என்பதை மறக்காமலிருந்தால் போதும். இன்சுலின் சோதனையில் கோளாறு தெரிந்த குதிரைக்கோ, முன்பே குளம்பு அழற்சி கண்ட குதிரைக்கோ இவற்றுள் எதையும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். இன்சுலின் கட்டுக்குள் வரும்வரை பச்சைப் புல்லையே நிறுத்தி, புல்லற்ற திடலில் இன்னொரு குதிரையின் துணையோடு விடுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரை கூடுகிறது என்பதால், மேய விட்டே ஆக வேண்டியவர்கள் விடிகாலையைத் தேர்ந்தெடுக்கலாம். உறைபனி விழுந்த காலை மட்டும் இதற்கு விலக்கு, ஏனெனில் அன்று இரவில் புல் தன் சர்க்கரையைச் செலவழித்திருக்காது.

புல்லை நிறுத்திய பிறகு வலைக்குள் எதை வைப்பது என்பதில் ஊறவைத்த உலர்புல், வைக்கோல் கலப்பு, ஆவியில் வேகவைத்த புல், பொதியில் புளிக்கவைத்த புல் ஆகிய நான்கும் போட்டியிடுகின்றன. கடைசி இரண்டையும் உடனே ஒதுக்கிவிடலாம்: ஆவி தூசியையும் பூஞ்சையையும் அடக்குமே தவிரச் சர்க்கரையைப் பெரிதாக வெளியேற்றாது; பொதிப்புல் பெரும்பாலும் எளிதில் செரித்து ஆற்றலை மிகுதியாகத் தரும். ஊறவைத்தல் பலன் தருகிறது. வலையோடு குளிர்ந்த நீரில் சில மணி நேரம் அமிழ்த்தி எடுத்தால் நீர் கடுந்தேநீர் நிறத்தில் வடியும். அந்த நிறத்தோடு சர்க்கரையும் வெளியேறுகிறது, கூடவே தாதுக்களும் போகின்றன. எவ்வளவு வெளியேறும் என்பது புல்லுக்குப் புல் மாறுவதால், சர்க்கரையும் மாவுப்பொருளும் சேர்ந்து 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துவிடுவது நல்லது. நிறுப்பது எப்போதும் ஊறவைப்பதற்கு முன்பு. கோடையில் நீண்ட நேரம் ஊறினால் புல் புளித்து நாறத் தொடங்கும், ஆகவே வெப்ப நாள்களில் ஒரு மணி நேரமே போதும்.

வைக்கோல் கலப்பு, ஊறவைத்தலைவிடக் கைவேலை குறைந்தது. மென்று தீர்க்க வெகுநேரம் பிடிப்பதால் தாடைக்கும் நல்லது. பல்லில் குறையில்லாத குதிரைக்கு, தூசியற்ற ஓட்ஸ் அல்லது பார்லி வைக்கோலை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, மொத்தத் தீவனத்தில் பாதி வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் போனால் குடலில் அடைப்பும் வயிற்றுப்புண்ணும் வர வாய்ப்புண்டு. குளிர்காலத்தில் இதையும் கோடையில் ஊறவைத்த புல்லையும் கொடுப்பதே என் தேர்வு. எதுவானாலும் சிறுகண் வலையில் நான்கைந்து பங்காகப் பிரித்துத் தொங்கவிட வேண்டும்.

இனி உடற்பயிற்சி. ஓட்டினால் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை தராசில் எடுபடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பருத்த குதிரைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீவனக் குறைப்பை மட்டும், மறு பிரிவுக்கு அதோடு மிதமான ஓட்டத்தையும் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவே மெலிந்தன. ஆனால் ஓடிய குதிரைகளின் உடலில் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்தது. ஆகவே தீவனத்துக்கு மாற்றாக ஓட்டத்தை வைக்கவும் கூடாது, தராசு அசையவில்லை என்று ஓட்டத்தைக் கைவிடவும் கூடாது. ஐரோப்பியக் குதிரை மருத்துவ வல்லுநர்களின் 2019 பரிந்துரை, குளம்பு நலமாயுள்ள குதிரைக்கு வாரம் ஐந்து முறைக்கு மேல், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல், பாய்ச்சல் ஓட்டம் வரை கேட்கிறது. அழற்சியிலிருந்து மீண்ட குதிரைக்கு வாரம் மூன்று முறைக்கு மேல், மென்மையான தரையில், ஆள் ஏறாமல் நீண்ட கயிற்றில் ஓட்டினால் போதும். குளம்பில் சூடும் வலியும் இருக்கும்போது ஓர் அடிகூட ஓட்டக் கூடாது. அந்த நாள்களில் தீவனம் மட்டுமே நம் கையில் உள்ள மருந்து. வெகுநாள் சும்மா நின்ற குதிரையாக இருந்தால், இருபது நிமிடக் கைநடையிலிருந்து தொடங்கி ஆறேழு வாரங்களில் அந்த அளவை எட்டலாம்.

எனவே நம் 300 கிலோ வேல்ஸ் மட்டக்குதிரை இதுவரை நோய் காணாததாக இருந்தால், பகலில் வாய்க்கூடையோடு மேய்ச்சல், இரவில் எடைபோட்டு ஊறவைத்த உலர்புல், வாரம் ஐந்தாறு நாள் வேலை என்று அமைப்பேன். மேயும் புல்லை நிறுக்க முடியாது என்பதால், இரவுப் பங்கைப் பாதியில் தொடங்கி நாடா காட்டுவதைப் பார்த்துத் திருத்துவேன். நோய் கண்டதாக இருந்தால் பச்சைப் புல்லே இல்லை. வயது பதினைந்தைத் தாண்டியிருந்தால், பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறு உண்டா என்று முதலில் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். அது இருந்தால் தீவனக் குறைப்பு மட்டும் போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் நாடா பிடிக்க வேண்டும். நெஞ்சோடு வயிற்றின் மிக அகலமான இடத்தையும் அளந்து எழுதி வையுங்கள்: விலாவின்மேல் கை இன்னும் மெத்தையையே உணரும் முதல் சில வாரங்களில், முன்னதாகச் சுருங்குவது அந்த வயிற்றுச் சுற்றளவுதான்.